ஜூலியின் தோளுக்குள் இருந்த எண்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையைத் தாண்டிப் போகாமல் கடலிலேயே நின்றுகொண்டு முந்தின நாளிலிருந்து கொட்டித் தீர்த்தது. பெரம்பூருக்கும் கொளத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் காலையில் கணுக்கால் அளவு, மதியம் முழங்கால், இருட்டும்போது இடுப்பு. மின்சாரம் இல்லை. கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. நானும் மனைவியும் சிலிண்டரையும் அரிசிப் பானையையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் தண்ணீரின் தள்ளலில் திறந்துகொண்டது. மாடிப்படியில் கட்டாமல் விட்டிருந்த எங்கள் நாய் ஜூலி எதைக் கண்டு மிரண்டாளோ, கீழே பாய்ந்து நீந்தத் தொடங்கிவிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் தெருமுனை திரும்பும்வரை அவள் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கழுத்துப் பட்டையில் என் தொலைபேசி எண்ணைப் பொறித்த தகடு உண்டு. மழை ஈரத்தில் பட்டை உராய்ந்து கழுத்து புண்ணாகிறது என்று அன்று காலையில்தான் அதைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன். அடுத்த மூன்று வாரமும் அந்த ஆணியைப் பார்க்காமல் வாசலைக் கடக்க என்னால் முடியவில்லை.

ஜூலி எங்களிடம் பிறந்து வளர்ந்தவள் அல்ல. என் மகளின் தோழி கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது வளர்த்தவள். அந்தப் பெண் 2021இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, "அப்பா, உங்களிடம்தான் விட மனம் வருகிறது" என்று ஜூலியையும், ஒரு பாயையும், தடுப்பூசிப் புத்தகத்தையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த செம்பழுப்பு நிறம். ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே நீளமான ஓர் எண்ணும் அச்சிட்ட சிறிய ஒட்டுச்சீட்டு இருந்தது. மருந்தின் விலைச்சீட்டு போலும் என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு முறை ஊசிக்குப் போகும்போதும் அதைப் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று யாரையும் கேட்டதில்லை.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. வடிந்ததும் தேடக் கிளம்பினோம். அகரம், ஜவஹர் நகர், பெரவள்ளூர் என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். ஒட்டிய அறிவிப்புகள் ஈரச் சுவரில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் படம் அனுப்பினாள். வெள்ளத்தில் சிக்கிய நாய்களை மீட்டு வைத்திருந்த காப்பகங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினேன். டிசம்பர் 8ஆம் தேதி ஒரு காப்பகத்தில், "லேப்ரடார் கலப்பு, பெண், பழுப்பு நிறம் ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். பாவம், அங்கே இருந்த பெண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை. பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "லேப்ரடார் எதுவும் இல்லை ஐயா" என்றார்.

ஜூலி அப்போது அங்கேதான் இருந்தாள். இரண்டு நாளுக்கு முன் வில்லிவாக்கம் ரயில் பாதை ஓரத்தில் தன்னார்வலர்கள் பிடித்து வந்திருந்தார்கள். பதிவேட்டில் எழுதியிருந்தது, "நாட்டு நாய், பெண், செவலை". நான் ஒரு சொல்லில் தேடினேன், அவர்கள் இன்னொரு சொல்லில் எழுதியிருந்தார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்தபடி நிறமும் இனமும் மாறும். ஒட்டுச்சீட்டில் இருந்த அந்த 15 இலக்கம் மட்டும் மாறாது. அது ஜூலியின் தோலுக்கடியில் ஊசியால் போட்டிருந்த சிறிய சிப்பின் எண். அந்த ஒட்டுச்சீட்டு எங்கள் மாடி அலமாரியில் நனையாமல் பத்திரமாக இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. காப்பகத்தில் முதல் நாளே, சிப்பின் எண்ணைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில்தான் வழக்கமாகச் சிப் இருக்கும் என்பதால் அங்கே மட்டும் ஒருமுறை ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர் 11 அன்று வந்த கால்நடை மருத்துவர் இன்னொரு முறை பொறுமையாக முதுகு, கழுத்தின் இரு பக்கம், தோள், முன்னங்கால் வரை மெதுவாக நகர்த்திப் பார்த்திருக்கிறார். இடது தோளுக்குக் கீழே, முழங்கை மூட்டுக்கு மேல் சத்தம் கேட்டிருக்கிறது. போட்ட இடத்திலிருந்து சிப் தோலுக்கடியில் நழுவி இறங்குவது உண்டாம்.

திரையில் 15 இலக்க எண் வந்தது. பிறகும் 17 நாள் கழித்துத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் ரயில்வே மெயில் சர்வீசில் கடிதம் பிரித்தவன். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. 600011 என்று ஓர் உறையில் இருந்தால், முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரத்தைச் சொல்லும், 600 சென்னை என்று சொல்லும், கடைசி மூன்று பெரம்பூரில் கொண்டுபோய் நிறுத்தும். எண்ணே வழி காட்டும். அதனால் நாயின் உடம்பில் ஓர் எண் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அதுவும் இப்படித்தான் வழி சொல்லும் என்று நினைத்துவிட்டேன். சொல்லாது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டின் குறியீடாகவோ, 9இல் தொடங்கினால் தயாரித்த நிறுவனத்தின் குறியீடாகவோ இருக்கும். மற்ற 12 இலக்கங்கள் அந்தச் சிப்புக்கு மட்டுமே உரிய வரிசை எண். ஊர், தெரு, வளர்ப்பவர் பெயர், தொலைபேசி எதுவும் சிப்புக்குள் கிடையாது. அவை வேறெங்கோ ஒரு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட்டது இன்றைக்கும் சரியாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேடு இல்லை. ஒருவர் சிப் தயாரிப்பாளரின் பதிவேட்டில் ஏற்றியிருப்பார், ஒருவர் தனியார் தளத்தில் ஏற்றியிருப்பார், ஒரு மருத்துவர் தன் மருத்துவமனை நோட்டில் மட்டும் குறித்து வைத்திருப்பார். ஜூலியின் எண்ணில் இருந்த முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, அவர்களுடைய பதிவேட்டில் தேடியிருக்கிறார் அந்த மருத்துவர். பெயர் கிடைத்தது. என் பெயர் அல்ல, மகளின் தோழி பெயர். முகவரி கோயம்புத்தூர். அதில் இருந்த கைப்பேசி எண்ணுக்கு அழைத்தால் சேலத்தில் யாரோ ஒருவர் எடுத்து, "எங்களிடம் நாயே கிடையாதே" என்றிருக்கிறார். அந்தப் பெண் கனடா போனதும் பழைய எண்ணைக் கைவிட்டாள். கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

எங்கள் பிரிப்பகத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் நாள்தோறும் திரும்பி வரும். 'வீடு மாறிவிட்டார்' என்று தபால்காரர் உறையின் மேல் எழுதியிருப்பார். எழுதியவர் பிழை செய்யவில்லை, கொண்டுபோனவரும் பிழை செய்யவில்லை. குடிபெயர்ந்தவர் அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ பேரை நான் இதற்காக மனதுக்குள் கடிந்திருக்கிறேன். ஜூலி விஷயத்தில் எழுதிக் கொடுக்காதவன் நான். நாயைப் பெற்றுக்கொண்ட அன்றே பதிவையும் என் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும்.

பதிவில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தது எங்கள் நல்ல காலம். மருத்துவர் அதற்கு ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. காப்பகத்தில் இடமில்லை. வெள்ளத்துக்குப் பிறகு நாள்தோறும் புதிதாக நாய்கள் வந்துகொண்டிருந்தன. டிசம்பர் 14 அன்று அம்பத்தூரில் ஒரு குடும்பம் ஜூலியைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழைத்துப்போனது. டிசம்பர் 26ஆம் தேதி டொராண்டோவில் அந்தப் பெண் வேறு எதையோ தேடப்போய், குப்பை அஞ்சல்களுக்கு நடுவே, "உங்கள் நாய் எங்களிடம் இருக்கிறது" என்ற வரியைப் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தபோது மணி அதிகாலை மூன்று.

28ஆம் தேதி அம்பத்தூருக்குப் போனோம். காப்பகத்திலிருந்து ஒருவர் ஸ்கேனரோடு வந்திருந்தார். கதவு திறந்ததும் ஜூலி என் மனைவியின் மேல் தாவி ஏறிவிட்டாள். ஆனால் அந்த வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். இரண்டே வாரத்தில் அவள் ஜூலிக்கு 'மழை' என்று பெயர் வைத்து, தன் கட்டிலுக்கு அருகில் படுக்கை விரித்திருந்தாள். அவளுடைய அப்பா கோபக்காரர் அல்ல, மகளின் முகத்தைப் பார்த்துத் தவித்தவர். "ஐயா, நாய் யாரிடமும் தாவும். இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். செம்பழுப்பு நாய்கள் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அவர் கேட்டதில் தவறில்லை.

தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சிப் வரும் உறையிலேயே அதே எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் சிலவும் இருக்கும், அதில் ஒன்றைத்தான் புத்தகத்தில் ஒட்டுகிறார்கள் என்பதை இரண்டு நாளுக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டிருந்தேன். காப்பகத்திலிருந்து வந்தவர் ஸ்கேனரை ஜூலியின் இடது தோளில் வைத்து, திரையைச் சிறுமியிடமே காட்டி, "நீயே படி அம்மா" என்றார். அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படித்தாள். நான் புத்தகத்தில் விரல் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது இலக்கத்தில் அவள் குரல் நின்றது. புத்தகத்தை அவளும் எட்டிப் பார்த்திருக்கிறாள். மீதி மூன்றை அவளுடைய அப்பா படித்தார். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அவளே சங்கிலியை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். பள்ளி விடுமுறை வந்தால் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுவதும் ஜூலியோடு இருந்துவிட்டுப் போகிறாள். அவள் 'மழை' என்று கூப்பிட்டாலும் ஜூலி திரும்பிப் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் பகுதியில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களிடம் இதைப் பேசாமல் நான் விடுவதில்லை. எல்லோரும் முதலில் கேட்பது, "கைப்பேசியில் நாய் எங்கே இருக்கிறதென்று காட்டுமா?" என்றுதான். காட்டாது. சிப் என்பது அரிசி மணியைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குப்பி. உள்ளே கம்பிச் சுருளும் எண்ணைத் தாங்கிய சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. சும்மா இருக்கும்போது எந்த அலையையும் வெளியிடாது. ஸ்கேனர் சில அங்குல நெருக்கத்துக்கு வந்தால் அதன் ரேடியோ அலையிலிருந்து சக்தி பெற்று எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். பேட்டரி இல்லாததால்தான் நாயின் ஆயுள் முழுவதும் வேலை செய்கிறது. இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி வேண்டுமென்றால் அது கழுத்துப் பட்டையில் மாட்டுவது. அதற்கு மின்னேற்ற வேண்டும், பட்டை கழன்றால் அதுவும் போயிற்று.

அடுத்த கேள்வி வலிக்குமா என்பது. தடுப்பூசி போடும் ஊசியைவிட இந்த ஊசி தடிமன். ஆனால் மயக்க மருந்து தேவையில்லை, ஒரு நொடி வேலை. நான் பார்த்தவரை பெரும்பாலான நாய்கள் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு மறந்துவிடுகின்றன. குட்டிக்கு வலிக்குமே என்று தயங்குகிறவர்கள் கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போது கூடவே போட்டுவிடச் சொல்லலாம்.

வாங்கும்போது 15 இலக்கச் சிப்பா என்று கேளுங்கள். 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பன்னாட்டுத் தர வகை அதுதான். பழைய வகைச் சிப்புகளில் சில 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. எல்லா ஸ்கேனரும் அவற்றைப் படிப்பதில்லை. படிக்காவிட்டால் சிப்பே இல்லை என்று எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டுக்கு நாயைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றால் இன்னொன்றும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் சிப் போட்ட பிறகு போட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஊசி முதலில், சிப் பிறகு என்று செய்துவிட்டு மறுபடியும் ஊசி போட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இவையெல்லாம் ஒரு பங்கு என்றால், மூன்று பங்கு வேலை பதிவில் இருக்கிறது. சிப் போட்ட அன்றே, மருத்துவமனை மேசையை விட்டு எழுவதற்கு முன், "இந்த எண்ணை எந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறீர்கள்? நீங்கள் ஏற்றுவீர்களா, நான் ஏற்ற வேண்டுமா?" என்று கேட்டுவிட வேண்டும். "எங்கள் நோட்டில் இருக்கிறது" என்று பதில் வந்தால் அது போதாது. இரவு பதினொரு மணிக்கு வேறொரு ஊரில் ஒருவர் உங்கள் நாயை ஸ்கேன் செய்தால் அந்த நோட்டை யார் திறப்பார்கள்? இரண்டு தொலைபேசி எண்கள் கொடுங்கள். ஒன்று உங்களோடு ஒரே வீட்டில் இல்லாதவருடையதாக இருக்கட்டும். வெள்ளம் வந்தால் ஒரு வீட்டுக் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாகத்தான் செயலிழக்கின்றன. மின்னஞ்சலும் கொடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான். எண் மாறினால், வீடு மாறினால், நாயை வேறொருவருக்குக் கொடுத்தால், கேஸ் இணைப்புக்கும் ரேஷன் அட்டைக்கும் எழுதிக் கொடுக்கும் அதே கையோடு இதையும் மாற்றிவிடுங்கள். யாரிடமாவது வளர்ந்த நாயை வாங்கினாலும் தத்தெடுத்தாலும், முதலில் அதை ஸ்கேன் செய்து பாருங்கள். சிப் இருக்கும், சொல்ல மறந்திருப்பார்கள். புதிதாக இன்னொரு சிப் போட்டால் இரண்டு எண்ணும் குழம்பும்.

நான் ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போது ஜூலியை ஸ்கேன் செய்யச் சொல்லி, சிப் எங்கே நழுவியிருக்கிறது என்று புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஒட்டுச்சீட்டைப் படம் பிடித்து மகளுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். காணாமல் போனால் காப்பகங்களுக்குச் சொல்ல வேண்டியது முதலில் இந்த எண். நிறமும் இனமும் அதற்கப்புறம்.

சிப் இருக்கிறதே என்று கழுத்துப் பட்டையை விட்டுவிடாதீர்கள். தெருவில் நாயைப் பார்ப்பவர் கையில் ஸ்கேனர் இருக்காது, தகட்டைப் படிக்கக் கண் இருக்கும். பட்டை கழன்ற பிறகுதான் சிப்புக்கு வேலை வருகிறது. பூனை வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கிளையில் சிக்கினால் தானாகக் கழன்றுவிடும் பட்டையைத்தான் பூனைக்கு மாட்ட வேண்டும், அது கழன்றுகொண்டேதான் இருக்கும்.

2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய், பூனைகளுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. அப்போது மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் சிப் இலவசம், உரிமத்துக்கு 50 ரூபாய். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அபராதம் என்றதும் கூட்டம் அலைமோதியது. கூட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரிசையில் நின்ற பலர், அபராதத்திலிருந்து தப்பினால் போதும் என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதைக் கேட்டபோது மனம் பதைத்தது.

எதிர்வீட்டுக் காவலாளி தெருவில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறார், பெயர் மணி. அவரையும் மணியையும் திரு.வி.க. நகர் மருத்துவமனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போவதென்று முடிவாயிற்று. முந்தின நாள் இரவு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மாநகராட்சி இணையதளத்தில் அவருக்காக விண்ணப்பத்தை நிரப்பினேன். மணியின் படம், வெறிநாய்க்கடி ஊசிச் சான்று, முகவரி எல்லாம் முடிந்தது. தொலைபேசி எண் கேட்டதும் மனப்பாடமாக ஒன்றைச் சொன்னார். அதே இடத்தில் என் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்தேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்ற பதிவுக் குரல் வந்தது.

"பையனுடைய நம்பர் ஐயா. ரீசார்ஜ் செய்யவில்லை போலிருக்கிறது" என்றார்.

அதை அழித்துவிட்டு அவர் மனைவியின் எண்ணைக் கேட்டு எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு அதையும் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். கைப்பேசியை அவரிடம் கொடுத்தேன்.

"ஒன்றுமில்லை, பயப்படாதே. நாளைக்கு மணிக்குச் சிப் போடப் போகிறோம். உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் மாற்றிவிடாதே" என்றார்.